தலை கடைசியில்

பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் அக்டோபர் முடிந்து பகல் குறுகத் தொடங்கியதும், கயாக் சங்கங்கள் பொது நீச்சல் குளங்களை இரவு வேளைகளில் வாடகைக்கு எடுக்கின்றன. நீந்த வந்தவர்கள் வீடு திரும்பிய பிறகு ஒரு மணி நேரம், கொடுத்துவைத்தால் ஒன்றரை மணி நேரம். ஆற்று மணலும் இலைச்சருகும் போகக் கழுவப்பட்ட படகுகள் நீலத் தரைக்குமேல் மஞ்சளும் சிவப்புமாக இறங்குகின்றன. படகில் அமர்ந்தவர் மூக்கில் கிளிப்பை மாட்டிக்கொண்டு வேண்டுமென்றே தலைகீழாகக் கவிழ்கிறார். அருகே இடுப்பளவு நீரில் ஒருவர் கைகொடுக்கக் காத்து நிற்கிறார். கவிழ்ந்தவர் படகைவிட்டு வெளியேறாமல், துடுப்பைக் கொண்டும் இடுப்பைக் கொண்டும் படகைப் புரட்டி மீண்டும் நிமிர்ந்துவிட வேண்டும். இதைக் கற்பதற்காகத்தான் மார்ச் வரை வாரந்தோறும் இந்தக் கூட்டம்.

ஆங்கிலத்தில் இதற்கு ரோல் என்று பெயர். நாம் புரண்டெழுதல் என்று சொல்லலாம். ஆங்கிலச் சொல்லில் புரள்வது மட்டுமே இருக்கிறது, எழுவது இல்லை. கடினமான பாதியோ அதுதான்.

இப்பயிற்சி குறித்து இரண்டு கட்சிகள் உண்டு. ஆற்றில் பழம்தின்று கொட்டைபோட்டவர்கள் ‘குளத்து ரோல்’ என்று உதட்டைப் பிதுக்குவார்கள். வெதுவெதுப்பான நீரில் கற்றது வெள்ளத்தில் உதவாது என்பது அவர்கள் வாதம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கோ அது பட்டம் போன்றது: ‘எனக்கு ரோல் வந்துவிட்டது’ என்று ஒரு குறிப்பிட்ட இரவைச் சுட்டிச் சொல்வார்கள். நாம் இரு கட்சியிலும் இல்லை. குளம் வேண்டும் என்றே கருதுகிறோம். ஆனால் அங்கே அளக்கப்படுவது தவறான பொருள் என்றும் கருதுகிறோம். எத்தனை முறை எழுந்தார் என்பதை எண்ணுகிறார்கள். நீருக்கடியில் எப்படி இருந்தார் என்பதை எவரும் கேட்பதில்லை.

கவிழ்ந்தவுடன் மனித உடல் செய்ய விரும்புவது ஒன்றுதான். தலையை மேலே தூக்கி மூச்சுவிட வேண்டும். அதைச் செய்தால் எழ முடியாது. தலை நாலரை, ஐந்து கிலோ எடையுள்ளது. நீருக்குள் இருக்கும்வரை அந்தப் பாரத்தை நீர் சுமக்கிறது. வெளியே வந்த நொடியில் அது முழுப் பாரமாகிறது. போதாததற்கு, தலையைத் தூக்கும் அசைவு இடுப்பை எதிர்த்திசையில் முறுக்கி, நிமிர வந்த படகை மறுபடி கவிழ்த்துவிடுகிறது. ஆகவே துடுப்பு மேற்பரப்பை ஒட்டி வீசப்பட வேண்டும், அது தரும் சிறு பிடிமானத்தில் இடுப்பும் முழங்காலும் முதலில் படகைத் திருப்ப வேண்டும், அப்புறம் உடல், எல்லாம் முடிந்தபின், கன்னம் தோளில் சாய்ந்தபடி, தலை. துடுப்பைப் பற்றி இழுத்தே எழுந்துவிடலாம் என்று நம்பும் வலியவர்களுக்கு இது எளிதில் வருவதில்லை; தோள்மூட்டு பிசகிக் கரையேறுவோரும் உண்டு. பலத்தை நம்பாதவர்கள் விரைவில் கற்றுவிடுகிறார்கள் என்பது பயிற்றுநர்கள் பலரும் சொல்லும் செய்தி.

உயிர் பிழைக்கத் துடிக்கும் உணர்ச்சியே பிழைப்பதற்கு இடையூறாக நிற்கும் வினோதம் இது. அந்த உணர்ச்சியை அடக்குவதற்கு விளக்கம் கேட்டால் போதாது. நூறு முறை கவிழ வேண்டும். ஆற்றில் நூறு முறை கவிழ முடியாது. குளம் வேண்டும் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

இக்கலை பிறந்த இடத்தில் குளம் இருக்கவில்லை. ஆர்க்டிக் கடலோர மக்களில், குறிப்பாகக் கிரீன்லாந்தின் இனுயிட் வேடர்களிடம், இது செழித்தது. கயாக் என்ற சொல்லே அவர்களுடையது. கடல்நாய்த் தோலால் தைத்த ‘துயிலிக்’ என்ற மேலங்கியை (நம் காதில் அது துயிலோடு சேர்ந்து ஒலிப்பதைத் தவிர்க்க முடியவில்லை) முகத்தைச் சுற்றியும் மணிக்கட்டிலும் இறுக்கி, படகின் வாயோடும் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள். நீர் புகாது, வேடனும் சட்டென்று வெளியே வர முடியாது. வந்தாலும் பயனில்லை. உறைநிலையை ஒட்டிய கடலில் நீந்திப் பிழைப்பது அரிது. வேடர்களில் பெரும்பாலோருக்கு நீந்தத் தெரியவும் தெரியாது. நம் கட்டுமரத்தை எண்ணிப் பார்த்தால் இந்த வேறுபாடு விளங்கும். கட்டுமரத்துக்குள் நீர் நிரம்ப இடமே இல்லை. கவிழ்ந்தால் கடல் வெதுவெதுப்பாகக் காத்திருக்கிறது. மரத்தைப் புரட்டிப்போட்டு ஏறிக்கொள்ளலாம். புரண்டெழும் கலை நம் கரையில் தோன்றாததற்குக் காரணம் திறமைக் குறைவன்று, தேவை இல்லாமையே.

கிரீன்லாந்தில் 1980களில் தொடங்கிய கயாக் சங்க இயக்கம் ஆண்டுதோறும் தேசியப் போட்டி நடத்துகிறது. அதில் முப்பதுக்கும் மேற்பட்ட புரண்டெழும் முறைகள் உண்டு. துடுப்பு முதுகுக்குப் பின்னால் இருக்கையில் ஒன்று, படகுக்கு அடியில் அகப்பட்டிருக்கையில் ஒன்று, துடுப்பே தொலைந்து எறிவேல் தாங்கும் கட்டை மட்டும் கையில் மிஞ்சியிருக்கையில் ஒன்று, அதுவும் போய் வெறுங்கையோடு ஒன்று, முழங்கையால் ஒன்று, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஒன்று, கையில் கனத்த கல்லைப் பிடித்தபடி ஒன்று. கயிறு கட்டிக் கரையிலிருந்து பலர் இழுக்க, படகோட்டி சமாளிக்க வேண்டிய ஒரு பகுதியும் உண்டு. ஈட்டி தைத்த வால்ரஸ் இழுப்பதற்கு அது பாவனை. வேடிக்கை பார்ப்பவருக்கு இது வித்தைப் பட்டியலாகத் தோன்றும். சற்று நிதானித்துப் படித்தால் விபத்துகளின் பட்டியல் என்று தெரியும். கயிறு கையைச் சுற்றிய வேடன், தோள் முறிந்த வேடன், துடுப்பை அலை கொண்டுபோன வேடன் என ஒவ்வொரு முறைக்குப் பின்னாலும் ஓர் ஆள் நிற்கிறான். எழாதவர்களும் ஏராளம். வேடர் எல்லாருக்கும் இக்கலை கைவந்திருந்தது என்பது நாம் பிற்பாடு கட்டிக்கொண்ட கற்பனை. கயாக்கில் போய் மாண்ட ஆண்களைப் பற்றிய குறிப்புகள் டேனிஷ் காலனிப் பதிவுகளில் நிறையவே உள்ளன.

நெடுங்காலம் ஆங்கிலத்தில் இதை ‘எஸ்கிமோ ரோல்’ என்றார்கள். எஸ்கிமோ என்பது பிறர் சூட்டிய, இனுயிட் மக்களில் பலர் வெறுக்கும் பெயர் என்பதால் இப்போது ‘கயாக் ரோல்’ என்கிறார்கள். திருத்தம் சரியே. ஆயினும் பெயரோடு நினைவும் கழன்றுவிடக்கூடாது என்ற கவலை நமக்கு உண்டு.

ஐரோப்பியரிடம் இது போய்ச் சேர்ந்த வழி இலக்கிய வாசகர்களுக்குச் சுவையானது. ஆஸ்திரியரான ஹான்ஸ் பாவ்லட்டா கிரீன்லாந்துக்குப் போகவில்லை. பயண நூல்களில் இருந்த வருணனைகளைப் படித்து, அவற்றைக் கொண்டே முயன்று 1927-இல் புரண்டெழுந்தார். துடுப்பின் ஒரு முனையைப் பற்றி நீளமாக வீசும் அந்த முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. உரைநடையிலிருந்து ஓர் உடலசைவைக் கண்டெடுத்த இந்த மனிதர் மீது நமக்குத் தனிப் பிரியம். எந்தப் பக்கம் சாய்வது, மணிக்கட்டு எந்தக் கோணத்தில் என்பதையெல்லாம் நூலாசிரியர்கள் பயிற்சிக்காக எழுதவில்லை, வியந்து எழுதியிருந்தார்கள்.

ஆங்கிலேயரான ஜினோ வாட்கின்ஸ் நேரிலேயே கற்றவர். 1930-31 பிரிட்டிஷ் ஆர்க்டிக் பயணக் குழுவின் தலைவராகக் கிழக்குக் கிரீன்லாந்தில் தங்கியபோது, அவ்வூர் வேடர்களிடம் அவரும் தோழர்கள் சிலரும் கயாக் வேட்டையும் புரண்டெழுதலும் பயின்றனர். (அக்குழுவில் இருந்த ஃபிரெடி ஸ்பென்சர் சாப்மன், பின்னாளில் ஜப்பானியர் பிடியிலிருந்த மலாயாக் காடுகளில் ஒளிந்து போரிட்டு அதை நூலாகவும் எழுதியவர், மலேசிய வாசகர்கள் சிலர் அறிந்திருக்கலாம்.) வாட்கின்ஸ் 1932-இல் மீண்டும் கிரீன்லாந்து சென்றார். ஆகஸ்ட் 20 அன்று கடல்நாய் வேட்டைக்குத் தனியே போனவர் திரும்பவில்லை. கயாக் கவிழ்ந்து மிதந்தது. அவருடைய கால்சட்டையும் கயாக் பெல்ட்டும் ஒரு பனித்திட்டின் மேல் கிடந்தன. உடல் கிடைக்கவே இல்லை. வயது 25. நடந்ததைக் கண்டவர் எவருமில்லை. ஆனால் பனித்திட்டில் கிடந்த உடைகள் அவர் படகைவிட்டு வெளியே இருந்தார் என்பதையாவது சொல்கின்றன. அந்நிலையில் எந்தப் புரண்டெழுதலும் பயன்படாது. கலையைக் கற்றிருந்தார் என்பதும் மாண்டார் என்பதும் ஒருசேர உண்மை. குளத்தில் பட்டம் பெற்றதாக மகிழ்பவர்களுக்கு இந்தக் கதையை யாரேனும் சொல்ல வேண்டும்.

குளத்து நீர் 28 டிகிரி அளவில் இருக்கும். பிரிட்டனில் டார்ட், டீ போன்ற ஆறுகள் பெருகிச் சுழித்தோடுவதே மழை மிகுந்த குளிர்காலத்தில்தான். அப்போது அவற்றின் நீர் ஐந்தாறு டிகிரி. வட அமெரிக்காவின் வடபகுதியில் ஆறுகள் உறைந்து கிடந்து ஏப்ரலில் பனியுருகிப் பாய்கின்றன. வெயில் இதமாக அடிக்கும், நீர் மட்டும் நேற்றுவரை பனியாக இருந்தது. அத்தகைய நீரில் சட்டென்று அமிழ்ந்த உடல் தன்னிச்சையாகத் திணறி மூச்சிழுக்கிறது; முதல் ஓரிரு நிமிடங்களுக்கு அதை அடக்குவது கடினம். குளத்தில் அரை நிமிடம் மூச்சடக்கியவர் அங்கே சில நொடிகளில் வெளியே துடிக்கிறார். துடித்ததும் தலையைத் தூக்குகிறார். மாதக்கணக்கில் கற்ற பாடம் அங்கேயே கரைந்துபோகிறது. எந்தக் குளிருக்கு அஞ்சிக் குளத்துக்குள் ஒதுங்கினோமோ, அந்தக் குளிருக்காகத்தான் இந்தக் கலையே.

இதனால் குளத்தை ஒழிக்க வேண்டுமா? வேண்டாம். குளத்தில் செய்வதை மாற்றினால் போதும். இப்போது பெரும்பாலும் நடப்பது இது: துடுப்பைச் சரியான இடத்தில் வைத்து, உடலை முன்னால் வளைத்து, மூச்சை நிறைத்து, தனக்கு வாய்த்த பக்கமாகவே கவிழ்ந்து எழுதல். ஆறு எவரையும் இப்படிக் கேட்டுக் கவிழ்ப்பதில்லை. துடுப்பு ஒரு கையில் தொங்கும்போது, பின்னால் சாய்ந்திருக்கும்போது, யாரோடோ பேசிக்கொண்டிருக்கும்போது, வராத பக்கமாகக் கவிழ்க்க வேண்டும். கவிழ்ந்தபின் உடனே எழக்கூடாது, ஐந்து எண்ணிவிட்டு எழ வேண்டும் என்று ஒரு விதி வைக்கலாம். அந்த ஐந்து நொடிகளில் கற்பவர் தம்மைப் பற்றி அறிவது, ஐம்பது முறை ஒழுங்காக எழுந்து அறிவதைவிட அதிகம். எழ முடியாமல் போனால் இடுப்பு உறையின் முன்பட்டையை இழுத்துக் கழற்றி வெளியேறுவதையும், அருகிலிருக்கும் படகைப் பிடித்து மீள்வதையும் தோல்வியென்று எண்ணாமல் அதே அக்கறையோடு கற்பிக்க வேண்டும். இன்று அப்படி வெளியேறுபவர் அசட்டுச் சிரிப்போடு படகைச் சாய்த்து நீரை வடிக்கிறார். சிரிக்க அதில் ஒன்றுமில்லை.

கேனோ ஓட்டிகளுக்கு இவ்விஷயம் முன்பே ஓரளவு தெரியும். அவர்கள் துடுப்பில் ஒரே ஒரு அலகு. மண்டியிட்டு அமர்வதால் உடல் உயரத்தில் இருக்கிறது. மேல்மூடி இல்லாத கேனோவை, காற்றுப்பைகளும் தொடைப்பட்டைகளும் பூட்டிப் புரட்டி எழ முடியும் என்றாலும், எழும்போது படகு நிறைய நீரும் கூடவே எழுகிறது. ஆகவே புரண்டெழுதலோடு வேலை முடிந்தது என்ற மயக்கம் அவர்களுக்கு வருவதில்லை.

இப்படியெல்லாம் செய்தால் புதியவர்கள் மிரண்டு ஓடிவிடுவார்கள், குளத்து வாடகைக்கே ஆள் சேராது என்று சங்கச் செயலாளர்கள் சொல்லக்கூடும். அந்தக் கவலையை நாம் அலட்சியப்படுத்தவில்லை. இலக்கியக் கூட்டத்துக்கு அரங்கம் பிடித்தவர்களுக்கு வாடகைக் கணக்கின் வலி தெரியும். முதல் மாதம் இப்போதைய வழியிலேயே போகட்டும். கைகொடுக்க ஒருவர் அருகில் நிற்பதால் வரும் துணிவு போலியானதன்று. அது இல்லாமல் எவரும் முதல் முறை கவிழ்வதே இல்லை. நாம் கேட்பது எஞ்சிய மாதங்களைப் பற்றி.

இன்னொன்றும் கேட்கத் தோன்றுகிறது. மார்ச்சில் குளத்து ஏற்பாடு முடிந்ததும் பயிற்றுநர்களும் கற்றவர்களும் பிரிந்து அவரவர் ஆற்றுக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காற்றில்லாத ஏரிக்கரை ஒன்றில், நீர்புகா உடையும் தலைக்கவசமும் அணிந்து, அதே பயிற்றுநர் அதே இடுப்பளவு நீரில் நிற்க, ஏழு டிகிரியில் இரண்டே இரண்டு முறை கவிழட்டும். கரையில் பிளாஸ்கில் தேநீரும் உலர்ந்த துண்டுகளும் தயாராக இருக்கட்டும். முதல் முறை பெரும்பாலோர் தலையைத் தூக்குவார்கள்.