ஸ்டியரிங் வாங்கித் தரலாமா?

சில வாரங்களுக்கு முன், அஸர் தொழுகை முடிந்ததும் மேலப்பாளையத்துச் சகோதரர் ஒருவர் நம்மருகே வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், கம்ப்யூட்டர்ல கார் பந்தயம் ஓட்ட ஸ்டியரிங் வேணும்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். விலையக் கேட்டா தலை சுத்துது. வாங்கிக் குடுக்கலாமா?” என்றார். மகனுக்கு வயது 17. இரவில் பைக்கை எடுத்துக்கொண்டு நான்குவழிச் சாலைக்குப் போய்விடுகிறான் என்ற கவலையும் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

வீண்விரயம், வேண்டாம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். அறியாத பொருளைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது முறையன்று என்பதால், இத்துறை அறிந்த நம் பழைய மாணவர் ஒருவரிடம் விசாரித்தோம். நாம் வந்தடைந்த முடிவு: வாங்கித் தரலாம், ஆனால் சிறியதாக, ரொக்கத்துக்கு, ஒரு நிபந்தனையோடு.

‘ஃபோர்ஸ் ஃபீட்பேக்’ எனப்படும் இந்த ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் மோட்டார் உண்டு. திரையில் ஓடும் கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் மீது விழும் விசையைக் கணினி கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. ஸ்டியரிங் கையில் கனக்கிறது. டயர் பிடிப்பை இழந்தால் சட்டென்று இலேசாகிறது. அந்த உணர்வுக்காகத்தான் இதை வாங்குகிறார்கள்.

அந்த விசை கைக்கு வரும் வழிகள் மூன்று. லாஜிடெக் ஜி29 பற்சக்கரங்களால் இயங்குவது. அதன் திருப்புவிசை சுமார் 2.2 நியூட்டன் மீட்டர். த்ரஸ்ட்மாஸ்டர் டி300 பெல்ட்டால் இயங்குவது, ஏறத்தாழ 4. மோட்டாரின் அச்சிலேயே ஸ்டியரிங்கைப் பொருத்துவது ‘டைரக்ட் டிரைவ்’. மோசா ஆர்5 தருவது 5.5, ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி 5 முதல் 8 வரை. பிள்ளைகள் மயங்குவது இந்த எண்ணில்தான். விலையும் இதனோடுதான் ஏறுகிறது.

இந்தியாவிலிருந்து ஃபார்முலா ஒன் பந்தயத்துக்கு முதன்முதலில் சென்றவர் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், அது 2005-இல். அவர் பந்தயம் ஓட்டத் தொடங்கியதோ, மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்ட எளிய ‘ஃபார்முலா மாருதி’ வண்டியில். அக்காருக்கு உருக்கொடுத்தவர் அதே ஊரைச் சேர்ந்த கரிவரதன். சிறிய எஞ்சின் அவரைத் தடுத்துவிடவில்லை.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தியபோது, பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நெடுந்தொலைவையும் பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுந்தொலைவையும் வகுத்தார்கள் என்பது புகாரியில் பதிவாகியுள்ளது. பயிற்சிக்கேற்ற அளவு என்ற அந்த நியாயம் இங்கும் பொருந்தும். புதியவனுக்குப் பற்சக்கர வகையே போதும்.

மிஞ்சும் பணத்தைப் பிரேக் பெடலுக்கும் மேசைக்கும் ஒதுக்குங்கள். கார் பிரேக்கில் கால் அறிவது, பெடல் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதைவிட எவ்வளவு அழுத்தினோம் என்பதையே. அந்த அழுத்தத்தை அளப்பது ‘லோட் செல்’ பெடல். பிளாஸ்டிக் மேசையும் உருளும் நாற்காலியும் இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தும் பயனில்லை. மேசை ஆடும், பிரேக்கை மிதித்தால் நாற்காலி பின்னே ஓடும். கனத்த மரமேசையும் உருளாத நாற்காலியும் வேண்டும்.

வீட்டில் உள்ள இயந்திரத்தையும் பாருங்கள். ஜி29 பிளேஸ்டேஷனுக்கும் கணினிக்கும் உரியது, எக்ஸ்பாக்ஸுக்கு ஜி920. பழையதை வாங்கினால், இயக்கிப் பார்த்து முழுச் சுற்றும் தடையின்றித் திரும்புகிறதா, பெடலை மெல்ல மிதிக்கையில் திரையில் அளவு துள்ளாமல் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

வட்டியுள்ள தவணையில் மட்டும் வேண்டாம். பொழுதுபோக்குப் பொருளுக்காக வட்டியைச் சுமப்பதற்கு நம்மிடம் எந்த நியாயமும் இல்லை. பையனே மாதந்தோறும் சேமிக்கட்டும். காத்திருந்து வாங்கியதை அவன் பேணிக்காப்பான்.

நிபந்தனை இதுதான்: ஓட்டுநர் உரிமம் பெறும்வரை பைக் சாவி வாப்பாவிடம் இருக்க வேண்டும். 18 நிரம்பாதவன் வண்டியோட்டிக் குற்றமிழைத்தால், 2019-இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கே 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. அதைவிடப் பெரிய இழப்பு எதுவென்று பெற்றோருக்குச் சொல்ல வேண்டியதில்லை. திரையில் மோதினால் மீண்டும் தொடங்கலாம். அந்தப் பழக்கம் சாலைக்கு வந்துவிடாதபடி பார்த்துக்கொள்வதும் நம் பொறுப்பே. வேகத்தில் உண்மையான நாட்டமிருந்தால் இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை செட்டிப்பாளையத்திலும் பந்தயத் தடங்கள் உள்ளன. உரிய வயதில், உரிய அனுமதியோடு அங்கே செல்லட்டும்.

இவற்றைச் சொன்னதும் அந்தச் சகோதரர் சற்று யோசித்துவிட்டு, “சாவியத்தான் முதல்ல கேக்கணும்” என்றார். அங்கிருந்தே தொடங்குங்கள் என்றோம்.