கடல் நம்முடையது, கட்டணம் யாருடையது?

திருக்கோணமலைக் கடலுக்கு இன்று புதியதொரு மதிப்பு வந்திருக்கிறது. மீனுக்காகவன்று; கப்பல் தங்கும் துறைமுகத்துக்காகவுமன்று. கடலின் அடியில் கிடப்பதைக் கண்ணாற் காண்பதற்காக உல்லாசப் பயணிகள் வருகின்றனர். முதுகிலே காற்றுச் சிலிண்டர், முகத்திலே கண்ணாடி, காலிலே துடுப்புச் சப்பாத்து. கோணமாமலையின் அடியிலும், நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் முருகைக்கற் பார்களிலும் மூழ்கி எழுகின்றனர். வருவோரை நாம் வெறுக்கவில்லை. வந்தாரை வரவேற்பது நம் மரபு. ஆனால், அவர் கொடுக்கும் பணம் எந்த வாசலால் வந்து எந்த வாசலாற் போகிறது என்று கேட்பது நம் உரிமை.

அவர்கள் காண வருவது எதனை? சம்பந்தர் பாடிய கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். கல்லைக் கோட்டைக்கு எடுத்தனர். எஞ்சியதைக் கடல் ஏற்றது. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் அம்மலையடியில் மூழ்கி, செதுக்கிய தூண்களைக் கண்டனர். மறு ஆண்டு நூல் வெளிவந்தது, உலகம் அறிந்தது. நம் முன்னோர் உளி பிடித்துச் செதுக்கிய கல் இன்று கடலடிக் காட்சிப்பொருள். அந்தக் கல்லைக் காட்டி ஈட்டும் பணத்தில் இந்த ஊருக்குப் பங்கு எங்கே?

அண்மையில் அன்புவழிபுரத்தில் இளைஞர் ஒருவர் எம்மைக் காண வந்தார். பாட்டன் வள்ளமோட்டிய மீனவர். தகப்பனார் போர்க்காலத்தில் பாஸ் இன்றிக் கடலிறங்க முடியாமற் கரையிலேயே காலம் கழித்தவர். மிஞ்சியிருந்த வள்ளத்தையும் 2004 டிசம்பர் 26 கொண்டுபோயிற்று. மகனோ சுழியோடிகளை ஏற்றிச் செல்லும் படகொன்றில் நாட்கூலி. "ஐயா, அது என்ர பாட்டன் பேர் வைச்ச பார். இப்ப அதுக்கு இங்கிலீசுப் பேர். நான் அங்க சிலிண்டர் தூக்கிறன்" என்றார். இந்த மூன்று வாக்கியங்களில் நம் கிழக்கின் அரைநூற்றாண்டுச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? புறாத்தீவு 1963இல் சரணாலயமாயிற்று. 2003இல் தேசியப் பூங்காவாயிற்று. 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதனை ஆள்கிறது. நுழைவுச் சீட்டின் பணம் மத்திய அரசின் வனசீவராசிகள் திணைக்களத்துக்குப் போகிறது. பாதுகாப்பை நாம் எதிர்ப்பவரல்லர். 1998இல் கடல் சூடேறி, தெற்கிலும் மேற்கிலும் முருகைக் கற்கள் வெளிறி மாண்டபோது, புறாத்தீவு பெரும்பாலும் பிழைத்துக் கிடந்தது. அத்தகைய செல்வத்தைக் காக்கத்தான் வேண்டும். டைனமைட் போட்டு மீன் பிடிப்பவன் நம்மவனாயினும் அவன் கடலுக்குப் பகைவனே. அவனுக்காக நாம் வழக்காட மாட்டோம். ஆயினும் ஒன்று கேட்போம். போர் ஓய்ந்த 2009இன் பின் திரண்ட கூட்டம் வற்றிய நீரில் முருகைக் கல்மீது கால் வைத்து மிதித்ததே! வலை வீசியவனை விலக்கிய சட்டம், கல்லை மிதித்தவனுக்குச் சீட்டுக் கொடுத்தது. இதுவா பாதுகாப்பு?

இன்று வருவன காலையிற் போய் நண்பகலில் திரும்பும் சிறு படகுகள். உலகின் பிற கடல்களில் இத்தொழில் இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறது. படுக்கை அறை, சமையற்கட்டு, காற்றடைக்கும் இயந்திரம் யாவும் அமைந்த பெரும் படகு. பயணி ஒரு வாரம் கடலிலேயே உண்டு, உறங்கி, தீவு தீவாய் மூழ்கித் திரும்புவான். கரையில் ஒரு தேநீர் குடிக்கவும் அவன் இறங்கவேண்டியதில்லை! மாலைதீவில் இதனைச் சபாரிப் படகு என்பர். அங்கே 1972இல் முதல் உல்லாச விடுதி எழுந்தது. அதன்பின் பல்லாண்டுகள் விடுதிகள் ஆளில்லாத் தீவுகளிலேயே நின்றன. மக்கள் வாழும் தீவுகள் தூரத்திலிருந்து விளக்கொளியைப் பார்த்தன. 2009இல் விதி மாறியது. குடியிருக்கும் தீவுகளிலும் விருந்தினர் இல்லம் நடத்தலாம் என்றனர். அவை நூற்றுக்கணக்கிற் பெருகின. கடல் மாறவில்லை, முருகைக் கல் மாறவில்லை; சட்டத்தில் மாற்றம் வந்தது, சாமானியன் வீட்டிற் பணம் புகுந்தது. அத்தகைய படகு நாளை நம் துறைமுகத்தில் நங்கூரமிடுமாயின், மாலைதீவின் 1972 நமக்கு வாய்க்குமா, 2009 வாய்க்குமா? அதை இன்றே தீர்மானிக்கவேண்டும்.

"முதல் போட்டவன் இலாபம் எடுக்கிறான், உங்களுக்கென்ன?" என்று சிலர் கேட்பர். படகும் இயந்திரமும் அவன் முதல், மறுக்கவில்லை. ஆனால் பார் யார் முதல்? 2000ஆம் ஆண்டு எப்பாவலப் பொஸ்பேற் வழக்கில், விவசாயிகளும் ஒரு விகாராதிபதியும் கேட்ட நீதிக்கு உயர் நீதிமன்றம் செவிசாய்த்தது. இயற்கை வளங்களை அரசு மக்களுக்காகக் காக்கும் காப்பாளனே என்பது அத்தீர்ப்பின் சாரம். சிங்கள உழவனின் நிலத்துக்குச் சரியான நீதி, தமிழ், முஸ்லிம் மீனவனின் கடலுக்கு மட்டும் பிழையாகுமா? 1987இன் 13ஆம் திருத்தம் உல்லாசப் பயணத்தையும் கரைக்கடல் மீன்பிடியையும் மத்தியும் மாகாணமும் பகிரும் நிரலில் வைத்தது. பகிர்வு ஏட்டில் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையோ 2017இல் ஆயுள் முடிந்து, ஆண்டுக்கணக்கில் தேர்தல் காணாது கிடந்தது. பகிர்ந்து வாங்கக் கை இல்லாதவனுக்குப் பகிர்வு எதற்கு?

ஆகவே நாம் கேட்பன மூன்று. ஒன்று: புறாத்தீவுக் கட்டணத்தில் ஒரு பங்கு குச்சவெளிப் பிரதேச சபைக்கும் கரையோர மீனவர் சங்கங்களுக்கும் சட்டப்படி சேரவேண்டும். இரண்டு: சுழியோடிப் படகுக்கு உரிமம் வழங்குமுன் மீனவர் சொல் கேட்கப்படவேண்டும், எந்தப் பாரை எந்தப் பருவத்தில் மூடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். மூன்று: கோணமாமலை அடியிலுள்ள கோயிற் கற்கள் தொட்டுப் பார்க்கும் வேடிக்கைப் பொருளல்ல என்பதைச் சட்டம் உரக்கச் சொல்லவேண்டும்.

அரசை மட்டும் ஏசி அமர்ந்திருப்பதும் நமக்கு அழகன்று. கொழும்பில் பங்கு வாங்கும் நம் வைத்தியரும் பொறியியலாளரும் சட்டத்தரணிகளும் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்துக்குப் படகு வாங்க முன்வரக்கூடாதா? சுழியோடக் கற்றுச் சான்றிதழ் பெற நாலு பிள்ளைகளுக்குக் கை கொடுக்கக்கூடாதா? உழவர் பெருமக்களே! உங்கள் குளத்தின் மதகுத் திறப்பு இன்னொருவன் கையில் இருந்தால் வயலுக்கு என்ன கதி என்பதை நீங்கள் அறிவீர்கள். கடலுக்கும் மதகு உண்டு. அதன் பெயர் உரிமம். அந்தத் திறப்பு நம் கைக்கும் வரவேண்டும். பாட்டன் பெயரிட்ட பாரிலே பேரன் சிலிண்டர் தூக்கட்டும். அது அவன் சொந்தப் படகின் சிலிண்டராக இருக்கட்டும்!