ஒகாடா என்கிற இன்சார்ஜ் மேனேஜர்

பேங்க்கில் இருப்பவர்களுக்கு 'ஆஃபிஷியேட்டிங்' என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பிராஞ்ச் மேனேஜரை திடீரென்று தூக்கிவிடுவார்கள். வாராக்கடன் கழுத்து வரை நிற்கும். ரீஜினல் ஆபீஸிலிருந்து போன் வரும். "அடுத்த ஆள் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்குங்க சார்." நல்லது நடந்தால் பின்னால் வருகிறவர் பெயரில் போகும், கெட்டது நடந்தால் பேப்பரில் உங்கள் கையெழுத்துதான் இருக்கும்.

தகேஷி ஒகாடாவின் மேனேஜர் வாழ்க்கை அப்படித்தான் ஆரம்பித்தது. கால்பந்து பார்க்கும் நண்பர்களிடம் அவர் பெயரைச் சொன்னால், "யாரு, அந்த டிஃபன்ஸ் ஆடுற கோச்சா?" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதுதான் இந்தப் பதிவு.

1956-ல் ஒசாகாவில் பிறந்தவர். வசேடா பல்கலைக்கழகத்தில் படித்து, 1980-ல் ஃபுருகாவா எலக்ட்ரிக் கம்பெனியில் சேர்ந்தார். அப்போது ஜப்பானில் தொழில்முறை லீக் கிடையாது. ஜே லீக் வந்ததே 1993-ல்தான். கம்பெனிகள்தான் டீம் வைத்திருந்தன. நம்மூரில் இந்தியன் பேங்க், ஸ்டேட் பேங்க் ஆஃப் திருவாங்கூர் எல்லாம் டீம் வைத்திருந்த மாதிரி. கண்ணாடி போட்ட டிஃபண்டர். ஜப்பானுக்காக 24 மேட்ச். 1986 ஆசிய கிளப் கோப்பையை ஃபுருகாவா ஜெயித்தது. 1990-ல் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டு கோச்சிங் பக்கம் வந்துவிட்டார். நட்சத்திரம் என்று சொல்ல முடியாது.

1997 அக்டோபர். உலகக் கோப்பைக்கான தகுதிச்சுற்றில் ஜப்பான் தடுமாறிக்கொண்டிருக்கிறது. அல்மாட்டியில் கஜகஸ்தானோடு டிரா. அங்கேயே தலைமை கோச் ஷு காமோவை நீக்கிவிட்டு, உதவியாளராக இருந்த ஒகாடாவிடம் சாவிக்கொத்தைக் கொடுத்தார்கள். வயது 41. அதுவரை எந்த டீமுக்கும் தலைமைப் பொறுப்பில் இருந்ததில்லை! ஜப்பான் அதற்கு முன் ஒருமுறைகூட உலகக் கோப்பைக்குப் போனதில்லை. வீட்டுக்கு மிரட்டல் போன்கள் வந்தன. கடைசியில் நவம்பர் 16, மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஈரானோடு பிளே-ஆஃப். கூடுதல் நேரத்தில் ஒகானோ அடித்த கோல்டன் கோலில் 3-2.

அத்தோடு 'நன்றி, வணக்கம்' சொல்லியிருந்தால் கோயில் கட்டியிருப்பார்கள். 1998 ஜூனில் பிரான்ஸ் போகும் வழியில், ஸ்விட்சர்லாந்தில் வைத்து, 25 பேரை 22 ஆகக் குறைக்கும்போது கசுயோஷி மியூராவை வெட்டினார். நம்மூர் பாஷையில் சொன்னால், சூப்பர் ஸ்டார் படத்திலிருந்து சூப்பர் ஸ்டாரையே எடுத்துவிட்ட மாதிரி. ஜப்பானில் கால்பந்து என்றாலே கசு என்று இருந்த காலம். அங்கே போய் மூன்று மேட்ச்சிலும் தோல்வி (அர்ஜென்டினா, குரோஷியா, ஜமைக்கா). மேனேஜரும் வெளியே.

அடுத்து அவர் எடுத்த முடிவு எனக்குப் பிடித்தமானது. இரண்டாம் டிவிஷனில் கிடந்த சப்போரோ டீமுக்குப் போனார். முதல் வருடம் மேலே ஏற முடியவில்லை. 2000-ல் ஏற்றினார். பிறகு யோகோஹாமா எஃப் மரினோஸ், 2003, 2004 இரண்டு வருடமும் சாம்பியன்.

2007 நவம்பரில் தேசிய கோச் இவிகா ஒசிமுக்கு பக்கவாதம். மறுபடியும் போன் யாருக்கு? வேறு யாருக்கு! பத்து வருடம் கழித்து இரண்டாவது முறை இன்சார்ஜ். இந்த முறை "செமி ஃபைனல் இலக்கு" என்று சொல்லி வைத்தார், ஊரே சிரித்தது. 2010 உலகக் கோப்பைக்கு முன்னால் செர்பியா, கொரியா, இங்கிலாந்து, ஐவரி கோஸ்ட் என்று வரிசையாகத் தோல்வி. அப்போதுதான் துணிந்து மாற்றினார். நகமுராவை பெஞ்சில் உட்கார வைத்தார், கோல்கீப்பரை மாற்றினார், கேப்டன் பட்டையை ஹசெபேக்குக் கொடுத்தார், ஹோண்டாவைத் தனியாக முன்னால் நிறுத்தினார். கேமரூனை 1-0, டென்மார்க்கை 3-1. நாட்டுக்கு வெளியே நடந்த உலகக் கோப்பையில் ஜப்பான் அடுத்த சுற்றுக்குப் போனது அதுதான் முதல் முறை. பராகுவேயிடம் பெனால்டியில் தோற்றார்கள், கொமானோ அடித்தது பாரில் பட்டுத் திரும்பியது. இங்கே நாக்பூரில் எங்கள் வீட்டு ஹாலில் அன்று ராத்திரி யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. அந்த ஆட்டத்தைக் கோழைத்தனம் என்கிறவர்கள், கையில் இருக்கும் ஸ்டாஃபை வைத்து மார்ச் 31 குளோசிங்கை ஒருமுறையாவது முடித்துப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் முன்கதை. விஷயத்துக்கு வருகிறேன்.

சீனாவில் ஹாங்ஜோ கிளப்பில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, 2014-ல், 58 வயதில், ஷிகோகு தீவில் இருக்கும் இமாபாரி என்ற ஊரின் கிளப்பில் 51 சதவீதப் பங்கை வாங்கினார். துண்டு நெசவுக்கும் கப்பல் கட்டுவதற்கும் பேர் போன ஊர், ஒன்றரை லட்சம் சொச்சம் ஜனம். நம்ம கரூர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். டீம் ஆடியது ஐந்தாவது டிவிஷனில். இரண்டு முறை உலகக் கோப்பைக்குப் போனவர் ஸ்பான்சர் தேடி கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். 2020-ல் மூன்றாம் டிவிஷன். 2023-ல் சொந்த ஸ்டேடியம். 2024-ல் ஒரு உயர்நிலைப் பள்ளி, அதற்கும் அவர்தான் தலைவர். 2025-ல் டீம் இரண்டாம் டிவிஷனில்.

கவனியுங்கள், இமாபாரி அவர் பிறந்த ஊர் இல்லை.

நம்மவர்கள் நாலு பேர் கூடினால் வரும் பேச்சு என்ன? "ரிட்டையர் ஆனா ஊருக்குப் போய்டணும் சார்." மயிலாடுதுறையிலோ தென்காசியிலோ ஒரு மனை வாங்கிப் போட்டிருப்போம். இருபது வருடம் இங்கே இருப்போம், வார்டு கவுன்சிலர் பெயர் தெரியாது. கேட்டால், "நம்ம ஊரா இது?" அங்கே போனால் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு நம்மைத் தெரியாது. இரண்டு ஊருக்கும் சேர்த்து நாம் செய்தது, கோயில் கும்பாபிஷேகத்துக்கு ரசீது போட்டதுதான். எனக்கென்னவோ இது ரொம்ப நஷ்டக் கணக்காகப் படுகிறது. ஊருக்குத் திரும்புவதைத் தப்பு சொல்லவில்லை. திரும்பும்வரை காத்திருப்பதைத்தான் சொல்கிறேன்.

"அவர் பெரிய ஆள், காசும் பேரும் இருந்தது" என்பீர்கள். உண்மைதான், நமக்கு ஸ்டேடியம் கட்ட முடியாது. ஆனால் எங்கள் பேட்டை மராத்திப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைகளில் எட்டாவது பையன்களுக்குக் கணக்குச் சொல்லித்தர ஆள் கேட்டு ஒரு மாதமாகிறது. நம்ம சங்கத்தில் காமர்ஸ் படித்தவர்களே பதினைந்து பேர் தேறுவோம். பொங்கல் மீட்டிங்கில் சாப்பாட்டு மெனு முடிந்ததும் இதை எடுக்கப் போகிறேன். இப்போதைக்கு இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள், அதில் ஒருவர் என் வீட்டுக்காரம்மா.