ஒரே தராசில் நிறுங்கள்

 

விளையாட்டுப் பேச்சில் நீதிக்கு என்ன வேலை என்று நம்மில் சிலர் எண்ணுகிறார்கள். நாவு எங்கே பேசினாலும் அங்கே அதற்குக் கணக்கு உண்டு என்றுதான் நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஐஸ் ஹாக்கி ரசிகர்களின் அரட்டைக்கு மட்டும் அதிலிருந்து விலக்கு இல்லை. கனடாவில் அந்த விளையாட்டின் ரசிகர்கள் நெடுநாளாக நடத்திவரும் ஒரு விவாதத்தை எடுத்துக்கொண்டு, அதில் புழங்கும் இரட்டைத் தராசைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

விவாதத்திற்கு உரியவர் நாஸிம் கத்ரி. ஒன்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், லெபனானிலிருந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தில் 1990-ஆம் ஆண்டு பிறந்தவர். கால்கரி ஃபிளேம்ஸ் அணிக்காக 2024–25 பருவத்தின் 82 ஆட்டங்களிலும் களமிறங்கி 35 கோல்கள் அடித்தார். எந்தப் பருவத்திலும் அவர் அதற்குமுன் அத்தனை கோல்கள் அடித்ததில்லை. அப்போது அவருக்கு வயது 34. அவருடைய அணியோ 96 புள்ளிகள் எடுத்தும், அதே 96 புள்ளிகள் எடுத்திருந்த செயின்ட் லூயிஸ் அணியிடம் சமநிலையை முறிக்கும் விதியின்படி பின்தங்கி, பிளே ஆஃப் சுற்றுக்குள் நுழையாமலே வெளியேறியது. 2025 கோடையில் விவாதம் சூடுபிடித்தது. இளையவர்களைக் கொண்டு அணியைப் புதிதாகக் கட்ட வேண்டிய கால்கரி இவரை விற்றுவிட வேண்டும் என்றனர் சிலர். மான்ட்ரியால் அணிக்கு இவரைப் போன்ற ஒருவர்தான் தேவை என்றனர் வேறு சிலர். இவரை எந்த விலைக்கும் தொடக் கூடாது என்று கொதித்தவர்களும் உண்டு.

இந்த ஆட்டத்தை அறியாத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மைய ஆட்டக்காரர் என்பவர் முன்வரிசை மூவரில் நடுவில் நிற்பவர். ஆட்டம் நின்று மீண்டும் தொடங்கும்போதெல்லாம், நடுவர் கீழே போடும் ரப்பர் வில்லையைத் தம் அணிக்கு வென்று தருவது பெரும்பாலும் இவர் பொறுப்பு. தாக்கவும் வேண்டும், எதிரணி தாக்கும்போது பின்னால் ஓடிவந்து தடுக்கவும் வேண்டும். ஆகவே தேர்ந்த மைய ஆட்டக்காரர் எளிதில் கிடைப்பதில்லை. வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் அணிகள் வீரர்களைப் பணத்துக்கு வாங்குவதும் இல்லை. ஒரு வீரருக்கு ஈடாக வேறு வீரர்களையோ, வருங்காலப் புதுமுகத் தேர்வில் தங்களுக்குள்ள முறையையோ கொடுக்க வேண்டும். அதற்கும் மேலாக, அணியின் மொத்தச் சம்பளத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒருவரை அழைத்து வந்தால் அவருடைய சம்பளம் அந்த வரம்புக்குள் இடம்பிடித்துக்கொள்ளும்.

எனவே விலையைப் பற்றி விவாதிப்பதில் தவறேதும் இல்லை. விவாதிக்கத்தான் வேண்டும். என் குறை, விவாதிப்போர் கையில் இருக்கும் தராசைப் பற்றியது. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரைக் கண்டிக்கவென்றே திருமறையில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. கடைத்தெருவில் அரிசி நிறுப்பவனுக்கு மட்டும் உரியது அந்தக் கண்டனம் என்று நாம் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியாது. மனிதரை நிறுக்கும் நாவுக்கும் அது பொருந்தும்.

முதலில் விலைத் தராசைப் பாருங்கள். ஒரே ரசிகர், தம் அணி விற்கும்போது மூத்த வீரரை அனுபவச் சுரங்கம் என்கிறார். தம் அணி வாங்கும்போது அதே வயதுடையவரைத் தேய்ந்த செருப்பு என்கிறார். இந்தப் பேச்சு எவ்வளவு பொருளற்றது என்பதைக் காட்டக் கத்ரியின் கதைக்குள்ளேயே ஒரு சான்று இருக்கிறது. 2022 ஆகஸ்ட் 18 அன்று கால்கரி அணி, 7 ஆண்டுகளுக்கு 4 கோடியே 90 லட்சம் டாலர் என்று கத்ரியோடு ஒப்பந்தம் செய்தது. உச்சவரம்புக்குள் அவருக்கு இடம் வேண்டுமே! அதற்காகத் தன்னிடம் நெடுங்காலம் ஆடிய ஷான் மோனஹன் என்ற மைய ஆட்டக்காரரை மான்ட்ரியாலுக்கு அனுப்பியது. இடுப்பில் அறுவை செய்துகொண்ட அவரை ஏற்றுக்கொள்வதற்காக, முதல் சுற்றுப் புதுமுகத் தேர்வு முறை ஒன்றையும் கூடவே கொடுத்தது. அதாவது, சுமையைத் தூக்கிச் செல்பவனுக்குக் கூலி கொடுப்பதுபோல் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் அதே மோனஹனை மான்ட்ரியால் வின்னிபெக் அணிக்குக் கொடுத்து, ஈடாக ஒரு முதல் சுற்று முறையைப் பெற்றது. ஒருவரை எடுத்துக்கொள்ளவும் கூலி கிடைத்தது, கொடுக்கவும் விலை கிடைத்தது. இடையில் ஓடியவை பதினெட்டு மாதங்கள்கூட இல்லை. சுமை என்று சொன்னவர்களில் எத்தனை பேர் தங்கள் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்?

அடுத்தது குற்றத் தராசு. இது முன்னதைவிட ஆபத்தானது. கத்ரி தவறே செய்யாதவர் என்று நான் வாதாட வரவில்லை. 2018-இல் டொராண்டோ அணிக்காக ஆடியபோது, பாஸ்டனுக்கு எதிரான முதல் சுற்றில் எதிரணி வீரரைப் பலகையோடு மோதி மூன்று ஆட்டங்கள் தடைபெற்றார். மறுஆண்டு அதே பாஸ்டன், அதே முதல் சுற்று. ஒருவரை மட்டையால் முகத்தருகே தாக்கி, அந்தச் சுற்றின் மீதி ஆட்டங்கள் அனைத்தையும் இழந்தார். இரண்டு முறையும் டொராண்டோ ஏழாவது ஆட்டத்தில் தோற்றது. கொலராடோவுக்குச் சென்ற பின்பும், 2021-இல் எதிரணி வீரரின் தலையில் மோதியதற்காக எட்டு ஆட்டங்கள் தடை. அடிபட்டவர்களும் மனிதர்களே. தண்டனைகள் நியாயமானவை. கோபத்தை அடக்கத் தெரியாததால் தம் அணிக்கும் பிறருக்கும் தீங்கு செய்தார் என்று சொன்னால் அது உண்மை.

ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு டொராண்டோ என்ன செய்தது? 2019 ஜூலை 1 அன்று அவரைக் கொலராடோவுக்குக் கொடுத்து, ஈடாக முக்கியமாக டைசன் பேரி, அலெக்ஸாண்டர் கெர்ஃபுட் என்ற இருவரைப் பெற்றது. அதற்கு முந்தைய மூன்று பருவங்களில் இரண்டில் 32 கோல்கள் அடித்தவர் கத்ரி. அவருடைய ஆண்டுச் சம்பளம் 45 லட்சம் டாலர்தான், ஒப்பந்தத்தில் இன்னும் மூன்று ஆண்டுகள் மீதமிருந்தன. ‘தொலைந்தது சனியன்’ என்று கைதட்டிய ரசிகர்கள் பலர். பேரி ஒரே பருவத்தோடு வேறு அணிக்குப் போய்விட்டார். அடுத்த மூன்று ஆண்டுகளும் டொராண்டோ ஒரு சுற்றைக்கூட வெல்லவில்லை. கத்ரியோ 2021–22 பருவத்தில் 71 ஆட்டங்களில் 87 புள்ளிகள் எடுத்தார். பிளே ஆஃபில் எட்மண்டன் வீரர் ஒருவர் பின்னாலிருந்து மோதியதில் கட்டைவிரல் முறிந்து அறுவை செய்துகொண்டார். இறுதிச் சுற்றின் நான்காவது ஆட்டத்தில் திரும்பி வந்து, கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலை அடித்தார். நான்கு நாள் கழித்துக் கொலராடோ ஸ்டான்லி கோப்பையை வென்றது. கோபக்காரர் என்று அவரைத் தள்ளியவர்கள் தங்கள் கோபத்திலேயே பரிமாற்றம் செய்தார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது.

இப்போது இதே குற்றத்தைப் பிறரிடம் எப்படி நிறுக்கிறார்கள் என்று பாருங்கள். பிராட் மார்ஷாண்ட் பாஸ்டன் அணியின் பக்கவாட்டு வீரராக இருந்தவர். லீக் அவரை எட்டு முறை தடைசெய்திருக்கிறது. அவர் அதே அணியின் தலைவரானார். 2025 மார்ச்சில், 36 வயதில், ஃபுளோரிடாவுக்கு மாற்றப்பட்டார். அந்த ஆண்டு இறுதிச் சுற்றில் ஆறு கோல்கள் அடித்துக் கோப்பையை வென்றார். பிறகு அதே அணியுடன் ஆறு ஆண்டு ஒப்பந்தமும் பெற்றார். அவருடைய பழைய தடைகள் இப்போது சிரித்துக்கொண்டே சொல்லப்படும் கதைகளாகிவிட்டன. ‘அந்த நெருப்புதான் வேண்டும்’ என்கிறார்கள். நான் மார்ஷாண்டின் மீது குறை சொல்லவில்லை. அவர் திறமையால் வென்றார், வாழட்டும். ஒருவரிடம் நெருப்பு என்று புகழப்படுவது, இன்னொருவரிடம் திருந்தாத குணம் என்று ஏன் பெயர் பெறுகிறது? இதுதான் என் கேள்வி. இதற்கு ஒவ்வொருவரும் தம் நெஞ்சைத் தொட்டுப் பதில் சொல்லட்டும்.

இந்தக் கேள்வி எனக்கு ஏன் முக்கியமாகப் படுகிறது? 2022 மே 21 அன்று செயின்ட் லூயிஸ் அணியுடனான ஆட்டத்தில் கத்ரி எதிரணி வீரர் ஒருவரோடு சேர்ந்து கோல் கீப்பர் மீது விழுந்தார். கோல் கீப்பர் காயமடைந்தார். லீக் கத்ரியைத் தண்டிக்கவில்லை. ஆனால் அவருக்கு வந்தவை ஆட்டத்தைப் பற்றிய விமர்சனங்கள் மட்டும் அல்ல. அவருடைய இனத்தையும் மார்க்கத்தையும் இழிவுசெய்யும் வசைகள் வந்தன, கொலை மிரட்டல்கள் வந்தன, காவல்துறைப் பாதுகாப்பு தேவைப்பட்டது. அடுத்த ஆட்டத்தில் அவர் மூன்று கோல்கள் அடித்துப் பதில் சொன்னார். அவர் பிறந்த லண்டன் நகரில், அதற்கு ஓராண்டு முன்புதான், மாலை நடைக்குப் போன ஒரு முஸ்லிம் குடும்பத்தின் நான்கு பேரை ஒருவன் வாகனத்தை ஏற்றிக் கொன்றிருந்தான். ஆகவே, ‘அந்த ஆட்களே அப்படித்தான்’ என்று ஒரு ரசிகன் பரிமாற்ற விவாதத்தின் நடுவே எழுதிவிட்டுப் போவது சிறிய பேச்சு அன்று. கத்ரியின் செயலைத் தண்டியுங்கள், அது உங்கள் உரிமை. ஒரு சமுதாயத்தை அவரோடு சேர்த்து நிறுக்க எவருக்கும் உரிமை இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு நம்மவர்கள் மகிழ்ந்துவிட வேண்டாம். மூன்றாவது தராசு நம் வீட்டில் இருக்கிறது.

2022 ஆகஸ்டில் கத்ரி ஸ்டான்லி கோப்பையை லண்டன் பள்ளிவாசலுக்குக் கொண்டுவந்தார். துக்கம் தாங்கிய ஊரில் பிள்ளைகள் அந்தக் கோப்பையைத் தொட்டுப் பார்த்தார்கள். அந்தக் கோப்பையை வென்ற முதல் முஸ்லிம் அவர் என்பதில் நமக்கு மகிழ்ச்சி இருப்பது இயல்பு. ஆனால் அந்த மகிழ்ச்சியை நம் இளைஞர்கள் பரிமாற்ற விவாதத்திற்குள் கொண்டுபோகிறார்கள். ‘நம் சகோதரர், எதைக் கொடுத்தாலும் வாங்க வேண்டும்’ என்கிறார்கள். அவருடைய வயதைக் குறிப்பிட்டவரையெல்லாம் மார்க்கத்தின் பகைவர் என்கிறார்கள். எட்டு ஆட்டத் தடைக்குச் சாக்குத் தேடுகிறார்கள். இதுவும் கள்ளத் தராசுதான். உறவினருக்கு எதிராகவும், நமக்கே எதிராகவும் நீதி சொல்லக் கடமைப்பட்டவர்கள் நாம். தலையில் அடிபட்டவன் நம் மார்க்கத்தவனாக இல்லாததால் அவன் வலி குறைந்துவிடாது. தவிரவும், அவருடைய பெயருக்காக மட்டுமே அவரைத் தாங்குவது அவரையே சிறுமைப்படுத்துவதாகும். 35 கோல்களை அவர் பெயரா அடித்தது?

அப்படியானால் நேர்மையான விவாதம் எப்படி இருக்கும்? கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே. அந்த அணி இப்போதே கோப்பையின் வாசலில் நிற்கிறதா? அந்த ஆட்டக்காரரின் இடத்தில் ஆட அதனிடம் வேறு ஆள் இல்லையா? ஒப்பந்தத்தின் கடைசி ஆண்டுகளை அதனால் தாங்க முடியுமா? கடைசிக் கேள்வியை எளிதில் தள்ளிவிட வேண்டாம். கத்ரியின் ஒப்பந்தம் 2029 வரை நீள்கிறது, அப்போது அவருக்கு வயது 38 இருக்கும். அந்த வயதில் கால்கள் பழையபடி ஓடா. அதே நேரத்தில் மறுபக்கத்தையும் நிறுக்க வேண்டும். அவர் கையெழுத்திட்ட ஆண்டில் உச்சவரம்பு 8 கோடியே 25 லட்சம் டாலர், அவருடைய 70 லட்சம் அதில் ஏறக்குறைய 8.5 விழுக்காடு. 2025–26-இல் வரம்பு 9 கோடியே 55 லட்சமாக உயர்ந்தபோது, அதே 70 லட்சம் 7.3 விழுக்காடாகச் சுருங்கியது. வயது ஏற ஏற அவருடைய பாரமும் ஏறும் என்று சொல்பவர், வரம்பு உயர உயர அந்தப் பாரம் குறைவதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், கோப்பைக்கு ஒரு படி தூரத்தில் நிற்கும் அணி, முதல் சுற்று முறை ஒன்றையும் வளரும் வீரர் ஒருவரையும் கொடுத்து இவரைப் போன்றவரை அழைத்துக்கொள்வதில் தவறில்லை. இன்னும் அடித்தளம் போட்டுக்கொண்டிருக்கும் அணி அவ்வாறு செய்தால், அது நாளைய பிள்ளைகளின் சோற்றை இன்றைய விருந்துக்கு விற்பதாகும். இதில் என்னோடு மாறுபடுபவர்கள் தாராளமாக மாறுபடலாம். ஆனால் மாறுபடும்போது எண்ணிக்கையை முன்வைத்து மாறுபடுங்கள். பழைய கோபத்தையோ, பெயரின் ஓசையையோ தட்டில் வைக்காதீர்கள்.

பெற்றோர்களே, இந்த விவாதங்களைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பவர்கள் நம் பிள்ளைகள். நாம் விரும்பும் மனிதருக்கு ஒரு படிக்கல், விரும்பாதவருக்கு வேறு படிக்கல் என்று வைத்திருப்பதை அவர்கள் ஆட்டத்தில் கண்டால், நாளை கடையிலும் குடும்பத்திலும் பஞ்சாயத்திலும் அதையே செய்வார்கள். பாடசாலையில் நாம் சொல்லிக்கொடுப்பதைவிட, வரவேற்பறையில் நாம் பேசுவதுதான் அவர்கள் மனத்தில் ஊன்றுகிறது.

வாங்குவதும் விற்பதும் அணிகளின் வேலை. நம் வேலை, கையில் பிடித்த தராசின் முள் நேராக நிற்கிறதா என்று பார்ப்பது.