கண்ணைப் பறிக்கும் வெளிச்சம்

இருளைப் போக்க ஏற்பட்ட விளக்கே மனிதனைக் குருடனாக்குமாயின் அதனினும் விபரீதம் வேறென்ன இருக்க முடியும்? நம் தேசத்து ராஜபாட்டைகளில் இரவுதோறும் நிகழ்வது இதுவே. எதிரே வரும் மோட்டாரின் ஹெட்லைட் முகத்திற் பாய்ந்த க்ஷணத்தில், சைக்கிளிற் செல்பவனுக்கும் பாதசாரிக்கும் சாலையும் தெரிவதில்லை. ஓரத்துப் பள்ளமும் தெரிவதில்லை.

இதற்குச் சட்டம் இல்லாமலில்லை. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-வது விதி, இரவில் 155 மீட்டர் தூரத்திலுள்ள மனிதரும் வண்டிகளும் தெளிவாய்த் தெரியும்படி விளக்கு எரியவேண்டுமென்கிறது. 106-வது விதியோ, 8 மீட்டர் தூரத்திலிருப்பவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி தாழ்ந்திருக்க வேண்டும், அல்லது ஓட்டுபவர் அதைத் தாழ்த்தவோ அணைக்கவோ இயலவேண்டும் என்கிறது. முன்னது ஓட்டுபவனுக்கு அனுகூலம். ஆகையால் ஏவாமலே நிறைவேறுகிறது. பின்னது எதிரே வருபவனுக்கு அனுகூலம். ஆகையால் ஏட்டளவில் நிற்கிறது.

யந்திரத்திலேயே அமைத்துவிட்ட விதி தானே பலிக்கிறது. 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கும் எரியவேண்டுமென்று விதித்தார்கள், அது பலித்தது. ஒளியைத் தாழ்த்துவதோ ஓட்டுபவனின் கைக்கு விடப்பட்டிருக்கிறது. கைக்கு விட்டதைக் கண்காணிக்க வேண்டாமா?

லாரிக்கும் பஸ்ஸுக்கும் முதல் 8 வருஷம் இரண்டாண்டுக்கொரு முறையும், பின்னர் வருஷந்தோறும் தகுதிச் சான்று வேண்டும். சொந்தக் காருக்கோ பதிவு 15 வருஷம் செல்லும். அதற்குள் அத்தகைய சோதனை கட்டாயமில்லை. இடையில் கடைத்தெருவில் வாங்கிய அதிகப் பிரகாசமான பல்பை மாட்டிக்கொண்டால் கேட்பாரில்லை. தனித் தண்டனை குறிப்பிடாத குற்றங்களுக்கான பொது அபராதத்தின் வரம்பை 2019-ல் முதற் குற்றத்துக்கு 100 ரூபாயிலிருந்து 500 ரூபாயாக உயர்த்தினர். அளந்து பார்க்கக் கருவியும் ஆளும் இன்றி அபராதத்தை மட்டும் உயர்த்துவதால் யாது பயன்?

நாம் வேண்டுவன மூன்று. சொந்தக் கார்களின் விளக்குகளையும் குறித்த காலத்தில் பரீக்ஷிக்க வேண்டும். விதிக்கொவ்வாத பல்புகளை விற்பனையிடத்திலேயே தடுக்க வேண்டும். இரவு ரோந்துப் போலீஸாருக்கு ஒளியை அளக்கும் கருவி தரவேண்டும். பொதுஜன ஊழியர்கள் தத்தம் ஊர்களில் இக்கோரிக்கையை எழுப்புவார்களாக. அதுவரை, மோட்டார் ஓட்டும் நமது வாசகர்கள் எதிரே ஒருவரைக் கண்டதும் விளக்கைத் தாழ்த்துவார்களென நம்புகிறோம். அதற்குச் செல்வது ஒரு விரலசைவே. காப்பாற்றுவது ஓர் உயிராயிருக்கலாம்.