அபராதத்தைக் கட்டினால் போதுமா?

2021 ஜனவரியில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியப் பயனாளர்களுக்கு ஓர் அறிவிப்பு அனுப்பியது. தரவுகளைத் தாய் நிறுவனமான ஃபேஸ்புக்குடன் பகிரச் சம்மதிக்க வேண்டும். மறுத்தால் செயலியைப் பயன்படுத்த இயலாது. 2016இல் பழைய பயனாளர்களுக்கு மறுக்கும் வாய்ப்பேனும் இருந்தது. இம்முறை அதுவும் இல்லை. கடுமையான தரவுச் சட்டம் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தில் வேறு நிபந்தனைகள், இங்கே கட்டாயம்.

செய்திகளை நிறுவனம் படிப்பதில்லையே என்பார்கள். படிக்கத் தேவையே இல்லை. தொலைபேசி எண், கைபேசியின் விவரம், பயன்படுத்தும் நேரம், வணிகக் கணக்குகளுடன் நடக்கும் கொடுக்கல் வாங்கல் ஆகியவையே விளம்பரச் சந்தையில் விலைபோகும் சரக்கு. அதற்குரிய விலை மக்களுக்கு ஒரு பைசாகூட இல்லை.

இதற்காக 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அவ்வாண்டில் அந்நிறுவனத்தின் நிகர லாபம் ஏறத்தாழ 6,200 கோடி டாலர். கணக்கிட்டுப் பார்த்தால், அபராதத் தொகை அதன் நான்கு மணி நேர லாபத்தைக்கூட எட்டவில்லை. நிறுவனத்துக்கு உண்மையில் உறைத்திருக்கக்கூடியது, விளம்பரத்துக்காகத் தரவுகளைப் பகிர்வதற்கு ஆணையம் விதித்த ஐந்தாண்டுத் தடைதான். 2025 நவம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்து, தடையை நீக்கிவிட்டது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017இலேயே கூறியது. அதன்பின் ஆறாண்டுகள் கழித்து, மணிப்பூருக்காக எதிர்க்கட்சிகள் குரலெழுப்பிக் கொண்டிருந்த நாட்களில், குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றப்பட்டதே மோடி அரசின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவர் இழப்பீடு கோருவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் இருந்த 43ஏ பிரிவை இச்சட்டம் நீக்குகிறது. அபராதம் அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்பார். அற்பமான புகார் அளித்தார் என்று முடிவானால் அவரே 10,000 ரூபாய் வரை கட்ட வேண்டியிருக்கும்! அரசு தான் அறிவிக்கும் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களித்துக்கொள்ளலாம். விசாரிக்க வேண்டிய வாரியத்தை நியமிப்பதும் அதே அரசு.

இதன் மறுபக்கம் இன்னும் மோசமானது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவு திருத்தப்பட்டு, ‘தனிநபர் தகவல்’ என்ற ஒரே காரணத்தால் தகவலை மறுக்க வழி செய்யப்பட்டுள்ளது. நூறு நாள் வேலையில் போலிப் பெயர்களை மக்கள் கண்டுபிடித்தது, பெயர்ப் பட்டியலைப் பெற்றுத்தான். இனி அதிகாரி கைவிரிக்கலாம்.

இந்தத் திருத்தம் ரத்து செய்யப்பட வேண்டும். இழப்பீட்டு உரிமை மீட்கப்பட வேண்டும். வாரியம் அரசின் பிடியிலிருந்து விடுபட வேண்டும். இம்மூன்று கோரிக்கைகளையும் கிளைகள்தோறும் விவாதித்து, மக்களிடம் கொண்டுசெல்ல வேண்டும்.