ஆன்லைன் வகுப்புக்குச் சாதி தெரியாதா?

கறம்பக்குடியில் அண்மையில் நடந்த ஒரு கல்விக் கூட்டத்தில் ஒருவர் பேசினார். மழை விடுமுறை நாட்களில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வீடியோ வகுப்பு நடத்தலாம், இணையத்துக்குச் சாதி தெரியாது, எல்லாருக்கும் ஒரே பாடம்தான் என்றார். நன்றாகக் கைதட்டினார்கள். நாங்கள் தட்டவில்லை. காரணம் சொல்ல எங்களுக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். அங்கே சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறோம்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஏறக்குறைய 19 மாதங்கள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் தொலைக்காட்சி இருந்தது. சில ஆசிரியர்கள் சொந்த முயற்சியில் வாட்ஸ்அப்பில் பாடம் அனுப்பினார்கள். தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று போயின. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் அந்தப் பள்ளிகளில் சேர்ந்த எங்கள் காலனிப் பிள்ளைகளும் அதற்குள் போகவேண்டியிருந்தது.

அப்படி ஒரு பையன். மூன்றாம் வகுப்பு. வீட்டில் இருந்தது ஒரே போன். அப்பா கட்டட வேலைக்குப் போகும்போது அதை எடுத்துப்போவார். மறுநாள் வேலைக்கு மேஸ்திரி அந்த நம்பரில்தான் கூப்பிடுவார். வகுப்போ காலை பத்து மணிக்கு. ஆக, அப்பாவுக்குக் கூலி இல்லாத நாளில் மட்டும் பிள்ளைக்குப் பாடம் கிடைத்தது. வீட்டுக்குள் சிக்னல் வராவிட்டால் தண்ணீர் டேங்க் பக்கம் ஓடவேண்டும்.

அதையும் அவன் சமாளித்தான். கேமராவைத்தான் அவனால் சமாளிக்க முடியவில்லை. 2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயலில் அவர்கள் வீட்டுக் கூரை போனது. இரண்டு ஆண்டு கழிந்தும் தார்ப்பாய்தான் கூரை. கேமராவை ஆன் செய்தால்தான் வருகைப் பதிவு என்று சொன்னதால் ஆன் செய்தான். "அது என்னடா பின்னாடி, டென்ட்டா?" என்று ஒரு குரல். பல வீடுகளிலிருந்து சிரிப்பு. ஆசிரியர் எல்லாரையும் மியூட் செய்துவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தார். மறுநாளிலிருந்து அவன் கேமராவை விரலால் மூடிக்கொண்டான். பிறகு வகுப்புக்கே வரவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது சொன்னான்: "அக்கா, ஸ்கூல்ல யாருக்கும் எங்க வீடு தெரியாது."

பள்ளிக்கூடம் ஏன் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை எங்கள் சமூகவியல் பாடநூல்களில் நாங்கள் படித்ததில்லை. ஊர்த்தெருவும் காலனியும் தனித்தனியாக இருக்கும் நாட்டில், ஒரே சீருடையில் ஒரே வரிசையில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் இடம் பிள்ளைகளுக்கு அது ஒன்றுதான். அங்கேயும் பாகுபாடு உண்டு, அதை எதிர்த்துத்தான் வேலை செய்கிறோம். ஆனாலும் வீட்டைப் பின்னால் விட்டுவிட்டு உள்ளே போக ஒரு வாசல் இருந்தது. வீடியோ வகுப்பு அந்த வாசலை எடுத்துவிட்டு, வகுப்பறையை அவரவர் தெருவுக்கே திருப்பி அனுப்பியது. அண்ணல் அம்பேத்கர் சிறுவனாக வீட்டிலிருந்து கோணி கொண்டுபோய்த் தனியாக உட்கார்ந்தார். அந்தக் கோணியின் இடத்தில் இப்போது போனை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னார்கள். இல்லாதவனுக்கு மூலைகூட இல்லை.

இது ஒரு பையனின் கதை மட்டுமல்ல. 2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்டோர் தமிழ்நாடு உட்பட 15 மாநிலங்களிலும் ஒன்றிய ஆட்சிப் பகுதிகளிலும் ஏழைக் குடியிருப்புகளில் ஏறத்தாழ 1,400 பிள்ளைகளிடம் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புறத் தலித், பழங்குடிப் பிள்ளைகளில் தொடர்ந்து ஆன்லைனில் படித்தவர்கள் 4 விழுக்காடு. மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் 15 விழுக்காடு. இணையத்துக்குச் சாதி தெரியாது என்பவர்கள் இந்த இரண்டு எண்களுக்கும் விளக்கம் சொல்லட்டும்.

கல்லூரிப் படிப்புக்கும் போட்டித் தேர்வுக்கும் யூடியூப் உதவுகிறது, மறுக்கவில்லை. எங்கள் இளைஞர்களும் அதில் படிக்கிறார்கள். ஆறு வயதுப் பிள்ளையின் கதை வேறு. 'அ' எழுத அதன் விரலைப் பிடிக்க ஒரு கை வேண்டும். தப்பாக எழுதினால் பார்க்க ஒரு கண் வேண்டும். வீட்டில் படித்தவர் இருந்தால் அந்தக் கையும் கண்ணும் இருக்கும். முதல் தலைமுறையாகப் படிக்கும் வீட்டில்?

இந்த மாவட்டத்துக்கு இதெல்லாம் தெரியாததல்ல. 1991-இல் ஷீலாராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. கல்லுடைக்கும் பெண்களையும் வயல்வேலைப் பெண்களையும் தேடித் தொண்டர்கள் அவர்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கற்றுக்கொடுப்பவர் நடந்து வந்தார், கற்பவர் சைக்கிளில் வெளியே போனார். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியின் அடிப்படையும் அதுதான். எங்கள் பகுதியில் மையம் காலனிக்குள்ளேயே, காலனிப் பெண்ணே தன்னார்வலராக நடத்திய இடத்தில் பிள்ளைகள் நிறைந்தார்கள். மாதம் 1,000 ரூபாய் மதிப்பூதியத்தில் அந்தத் தங்கை செய்ததை எந்தச் செயலியும் செய்யவில்லை.

2020-இல் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதியவர்கள் 2025-இல் ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டார்கள். ஒன்றாம் வகுப்பையே பார்க்காமல் இரண்டுக்குப் போனவர்கள் இவர்கள். எங்கள் மாலை வகுப்பில் தமிழ்ப் பாடத்தின் ஒரு பத்தியைத் தடவித் தடவிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். "இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று இப்போது சொல்கிறார்கள். ஏறுவதற்கு அன்று படி வைத்தது யார்?

ஆகவே எங்கள் கோரிக்கைகள் மூன்று. மழையோ தொற்றோ, எந்தக் காரணத்துக்காகப் பள்ளி மூடினாலும் தொடக்க வகுப்புகளுக்கு வீடியோ வகுப்பை மாற்றாகக் கணக்குக் காட்டக்கூடாது. பாடத்தாளோடு ஆள் காலனிக்கு வரவேண்டும். இரண்டாவது, அந்த ஆண்டு ஒன்றிலும் இரண்டிலும் இருந்த பிள்ளைகளின் வாசிப்பைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் இப்போதே சோதிக்கவேண்டும். மூன்றாவது, பின்தங்கியவர்களுக்குக் காலனிச் சமுதாயக்கூடத்தில் மாலை வகுப்பு, அதை நடத்தும் உள்ளூர்ப் பெண்ணுக்கு முறையான சம்பளம்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போகும் பெற்றோர்கள் இந்த மூன்றையும் தீர்மானமாக எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எங்களைக் கூப்பிடுங்கள். அந்தப் பையனுக்கு இப்போது எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறது. அரசுப் பள்ளியில் சேர்ந்துவிட்டான். கூரை இன்னும் தார்ப்பாய்தான்.